மேடை விளக்கு மேசையைப் பிள்ளைகளின் கைக்கென்று வாங்குங்கள்: பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தாய்ச்சங்கச் செயற்குழுவினருக்கும், லண்டன், ரொறன்ரோ கிளைகளில் இருக்கும் அண்ணாமார் அக்காமாருக்கும், எங்கள் அதிபருக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினருக்கும் வணக்கம்.

பிரதான மண்டபத்தின் மேடை விளக்குகளை ஏற்றி இறக்கும் ஒளிக்கட்டுப்பாட்டு மேசையை மாற்றுவதென்று முடிவெடுத்திருக்கிறீர்கள். மனமார்ந்த நன்றி. மண்டபத்துக்கு ஒலிபெருக்கி வேண்டுமென்றால் கேட்ட கையோடு காசு வரும். குளிரூட்டிக்கும் வரும். மேடை விளக்குக்குக் காசு கேட்டு வாங்குவது எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய காரியம் என்பது நாடகம் பழக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதவு இந்த முறை திறந்திருக்கிறது. அதனால்தான், காசு கைமாறுவதற்கு முன்னம் இந்த மடலை எல்லோரும் படிக்கக்கூடியதாக எழுதுகிறேன்.

இந்தப் பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படித்தவன் நான். இன்று வேறொரு பாடசாலையில் அதே பாடத்தைப் படிப்பிக்கிறேன். பின்னேரங்களில் எங்கள் பிள்ளைகளின் ஒளிக்குழுவுக்கு உதவியாக வந்துபோகிறேன். வந்திருக்கும் கொட்டேசனையும் பார்த்தேன். நாலு மூவிங் ஹெட் (தானாகத் தலை திருப்பும் விளக்கு), ஒரு புகை இயந்திரம், பதினாறு எல்.ஈ.டி. பார் லைற், இவற்றோடு 192 சனல் (விளக்கையோ அதன் ஒரு நிறத்தையோ தனியே கட்டுப்படுத்தும் வழி) கொண்ட சிறிய கொன்ரோலர் ஒன்று. மொத்தத் தொகையில் மிகக் குறைந்த பங்கு அந்தக் கொன்ரோலருக்குத்தான். மாற்றப் புறப்பட்டது மேசையை. கொட்டேசனில் ஆகக் கடைசி வரியில் நிற்பதும் மேசைதான். எனக்குள்ள முதல் கவலை இது.

இப்போதிருக்கும் மேசையைப் பற்றி வெளிநாட்டுக் கிளைகளில் உள்ளவர்களுக்குச் சிறிது சொல்லவேண்டும். போரால் மூடியிருந்த யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 பாதை 2002 இல் திறந்த பிறகு, இங்கிலாந்தில் ஒரு பாடசாலை கழித்துவிட்டதை லண்டன் கிளை வாங்கி அனுப்பியது. 24 சனல். வரும்போதே பழசு. இருந்தும் இருபது வருடத்துக்கு மேல் உழைத்துவிட்டது. அனுப்பியவர்களுக்கு இந்தப் பிள்ளைகள் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

ஆனால் இனி அது ஓடாது. வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் மேலும் கீழும் இழுக்கும் பிடிக்குப் பேடர் என்று பெயர். ஏழாவது பேடரை எடுத்துக்கொள்ளுங்கள். முன்மேடை நடு விளக்கு அதில்தான் இருக்கிறது. மெல்லக் கீழே இழுத்துக்கொண்டு வந்தால் ஐந்துக்கும் நாலுக்கும் இடையில் வெளிச்சம் ஒருமுறை பளிச்சென்று துள்ளி, பிறகு பட்டென்று செத்துவிடும். பேடருக்குள்ளே கரிப்பூச்சுப் பூசிய ஒரு பட்டை இருக்கிறது. அதன்மேல் மெல்லிய உலோக நாக்கு ஒன்று உரசிக்கொண்டு ஓடும். எத்தனையோ கை இழுத்து அந்தப் பூச்சுத் தேய்ந்துவிட்டது. மிச்சத்தைக் கடற்காற்றின் உப்பும் மாரி ஈரமும் பார்த்துக்கொண்டன. பிள்ளைகள் அந்தப் பேடரின் மேல் பிளாஸ்ரர் ஒட்டி, சிவப்புப் பேனையால் 'தொடாதே' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முன்மேடை நடு இல்லாமல் எந்த நாடகத்தைப் போடுவது? அதனால் அந்த விளக்கை வேறொரு பேடருக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பேடரும் இப்போது கரகரக்கத் தொடங்கிவிட்டது.

அதைவிட மோசம் நினைவு. மின்சாரம் நின்றாலும் கியூக்களை, அதாவது வரிசையாகப் பதிந்துவைத்த ஒளிமாற்றங்களை, காத்துவைக்க உள்ளே ஒரு சிறு பற்றரி உண்டு. அது செத்துப் பலகாலம். புதிதாகப் போட்டாலும் பழைய பற்றரி கசிந்து சுற்றியிருந்த பலகையை அரித்துவிட்டதால் பிடிக்கவில்லை. ஆக, மின்சாரம் ஒருமுறை கண்ணடித்தால் போதும், இரண்டு கிழமை ஒத்திகை பார்த்துப் பதிந்ததெல்லாம் போய்விடும். 2022 இல் ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அந்தக் காலத்தில்தான் பிள்ளைகள் கியூ கொப்பி எழுதப் பழகினார்கள். ஒற்றை றூல் கொப்பியில் கியூ இலக்கம், எந்தப் பேடர் எத்தனையில், எந்த வசனத்தில், எத்தனை விநாடி என்று கோடு போட்டு எழுதுவார்கள். நாடகம் தொடங்க முன்னம் ஒருவர் வாசிக்க மற்றவர் திரும்பவும் மேசையில் ஏற்றுவார். உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை அந்தக் கொப்பியை எழுதியிருக்கும் ஒழுங்கைப் பார்த்தால் நீங்கள் பெருமைப்படுவீர்கள். எங்கள் மண்டபத்தின் உண்மையான சொத்து அந்த ஒழுங்குதான். புதிய மேசை அதை வளர்ப்பதாக இருக்கவேண்டும் என்பதே நான் சொல்லவந்த முழு விசயமும்.

இப்போது அந்த 192 சனல் கொன்ரோலர். இது உலகமெங்கும் மலிவாகக் கிடைக்கும் சாமான். பன்னிரண்டு விளக்கு, ஒவ்வொன்றுக்கும் பதினாறு சனல் என்று பிரித்து வைத்திருப்பார்கள். கையில் இழுக்க எட்டு பேடர்தான். ஒரு விளக்கைத் தெரிவுசெய்து, பக்கத்தை மாற்றி, பிறகு இழுக்கவேண்டும். பாட்டுக்கு ஏற்ப நிறங்கள் ஓடவேண்டிய திருமண மண்டபத்துக்கும் டி.ஜே. மேடைக்கும் அது நன்றாக வேலை செய்யும், குறை சொல்ல ஒன்றுமில்லை. நாடகத்தின் தேவை வேறு. ஒரு காட்சியின் வெளிச்சம் பதினைந்து விநாடியில் வடிய, அதற்குள்ளேயே அடுத்த காட்சியின் வெளிச்சம் ஐந்து விநாடியில் ஏறவேண்டும். ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் ஒவ்வொரு கியூவுக்கும் தனித்தனியே வேண்டும். கியூக்கள் வரிசையாக நிற்க, நெறியாளர் சொன்ன இடத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்தது போகவேண்டும். நடிகர் ஒரு பக்கத்தை விழுங்கிவிட்டால் நடுவில் உள்ளதைத் தாண்டிப் போகவும் வழி இருக்கவேண்டும். இந்த வசதி அந்தக் கொன்ரோலரில் இல்லை. அதை வாங்கினால் இருபது வருடப் பழைய மேசையில் செய்துகொண்டிருந்ததைக்கூடப் பிள்ளைகள் செய்யமுடியாமல் போகும்.

நடனத்துக்கு இன்னொரு தேவை. பரதநாட்டியத்தில் நட்டுவாங்கம் எப்போது காலம் மாறும், ஜதி எங்கே முடியும் என்பதைக் காதால் கேட்டு, கையால் வெளிச்சத்தை ஏற்றி இறக்குகிறார்கள் எங்கள் பிள்ளைகள். கியூ எண்ணிப் பொத்தான் அழுத்தி அதைச் செய்யமுடியாது. கூத்திலும் அப்படித்தான். அதனால் தொடுதிரை மட்டும் உள்ள மேசையும் எங்களுக்குச் சரிவராது. கண் மேடையில் இருக்க, கை இருட்டில் தானாகப் போய்ப் பிடிக்கும் பேடர் வேண்டும். குறைந்தது 24 வேண்டும்.

மறுபக்கம், பெரிய மேசை வாங்கவேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். இன்றைய மேடை விளக்குகள் டி.எம்.எக்ஸ். 512 என்ற முறையில் மேசையோடு பேசுகின்றன. 1986 இல் அமெரிக்காவில் அரங்கத் தொழில்நுட்பக்காரர் சேர்ந்து வகுத்த முறை அது. ஒரு கேபிளில் 512 சனல் போகும். ஒவ்வொரு சனலும் பூச்சியத்திலிருந்து 255 வரை ஓர் இலக்கத்தைத் தாங்கும். எங்கள் கணக்கைப் பாருங்கள். விளக்குக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்கள், இருக்கிறவை 12 சனல். புதிதாகப் பன்னிரண்டு எல்.ஈ.டி. விளக்கு, ஒன்றுக்கு ஏழு சனல் என்றால் 84. மொத்தம் 96. பின்னாளில் இதைப்போல மூன்று மடங்கு விளக்குச் சேர்ந்தாலும் ஒரே கேபிள் தாங்கும். நாலு கேபிள், எட்டுக் கேபிள் என்று விலையேறும் மேசை எங்களுக்குத் தேவையே இல்லை. நடுத்தர மேசை ஒன்று, நல்ல பேடரோடும் நல்ல கியூ வரிசையோடும் வேண்டும். மூவிங் ஹெட் நாலையும் கொட்டேசனில் இருந்து எடுத்தால் அந்த மேசைக்கு வழி பிறக்கும். மூவிங் ஹெட்டுக்குள்ளே மோட்டரும் விசிறியும் ஓடுகின்றன. அமைதியான காட்சியில் முன்வரிசைக்கு அந்த விசிறி கேட்கும். எங்கள் தூசிக்கு அதை மாதாமாதம் துடைக்கவும் ஆள் வேண்டும். பரிசளிப்பு விழாவுக்குத் தேவையென்றால் அன்றைக்கு வாடகைக்கு எடுக்கலாம்.

பழைய ஹலோஜன் விளக்குகளைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று கொட்டேசன் தந்தவர் சொன்னதாக அறிந்தேன். தயவுசெய்து வேண்டாம். மின்சாரக் கணக்கில் அவர் சொல்வது சரிதான். 1000 வாற் விளக்குப் பன்னிரண்டையும் முழுதாக ஏற்றினால் 12 கிலோவாற், 230 வோல்ற்றில் 52 அம்பியர். ஜெனரேற்றர் மூச்சுத் திணறும். 150 வாற் எல்.ஈ.டி. பன்னிரண்டுக்கு எட்டு அம்பியர் போதும். பின்மேடைக்கும் நிறத்துக்கும் எல்.ஈ.டி. வரட்டும், சந்தோசம். ஆனால் முகத்துக்கு முன்னிருந்து விழும் வெளிச்சத்தை ஹலோஜனிலேயே விடுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றை மட்டும் கலந்து வெள்ளை தரும் மலிவு எல்.ஈ.டி.க்குக் கீழே எங்கள் தோல் சாம்பல் பூசியதுபோல இருக்கும். ஒப்பனை செய்யும் ஆசிரியையிடம் கேட்டுப் பாருங்கள், அவர் என்னைவிடக் கோபமாகச் சொல்லுவார். எல்.ஈ.டி. வாங்கும்போது வெள்ளையும் அம்பரும் தனியாக உள்ளதைக் கேளுங்கள். கடைக்காரர் காட்டும்போது நிறம் மாறுவதைப் பார்த்து மயங்காமல், முழு வெளிச்சத்திலிருந்து இருபது விநாடியில் இருட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கடைசிப் பத்து வீதத்தில் அது படியிறங்குவதுபோலக் குதித்துக் குதித்து இறங்கினால் நாடகத்துக்கு ஆகாது. இன்னொன்று, எல்.ஈ.டி. விளக்கைப் பழைய டிம்மரில் செருகக்கூடாது. டிம்மருக்கூடாக வராத மின்சாரம் அதற்கு வேண்டும். அந்த வயரிங் செலவு கொட்டேசனில் எங்குமே இல்லை.

கேபிள் பற்றியும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நிகழ்ச்சிக்கு வாடகைக்கு விளக்குக் கொண்டுவந்தவர்கள் மைக் கேபிளாலேயே எல்லாவற்றையும் தொடுத்தார்கள். பிளக் பொருந்துகிறதே என்பது அவர்கள் நியாயம். நிகழ்ச்சியின் பாதியில் கடைசி மூன்று விளக்கும் வெட்டி வெட்டி மின்னத் தொடங்கின. சின்னப் பிள்ளைகளின் நடனம் அது. ஆடிக்கொண்டிருந்த ஒரு குழந்தை ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நின்றது. டி.எம்.எக்ஸ். வேகமாக ஓடும் தரவு. ஏறத்தாழ 120 ஓம் மறிப்பு (ஓடும் சைகைக்குக் கேபிள் காட்டும் எதிர்ப்பு) உள்ள கேபிள் அதற்கு வேண்டும். கோட்டின் கடைசி விளக்கில் 120 ஓம் தடை ஒன்று போடவேண்டும். போடாவிட்டால் சைகை கேபிள் முனையில் மோதித் திரும்பிவந்து குழப்பும். இதை அறிந்த பிறகு எங்கள் தரம் 10 பிள்ளைகள் ஒரு பிளக்கின் இரண்டாம், மூன்றாம் ஊசிகளுக்கு இடையில் அந்தத் தடையைத் தாங்களே ஈயம் பிடித்துச் செய்தார்கள். சில ரூபாச் செலவு. மண்டபத்தில் இன்றும் அதுதான் பாவனையில் இருக்கிறது.

பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் விடிய விடியக் கூத்தாடிய ஊருக்கு இவ்வளவு சாமான் எதற்கு என்று கூட்டத்தில் ஒரு மூத்தவர் கேட்டார். மரியாதையோடு பதில் சொல்கிறேன். வட்டக்களரியில் சனம் சுற்றியிருந்து பார்த்த கூத்துக்கு அந்த வெளிச்சம் பொருந்தியது. அன்றைக்குப் பெற்றோல்மாக்ஸை எவ்வளவு உயரத்தில் கட்டுவது, எப்போது இறக்கிக் காற்றடிப்பது என்று அறிந்த ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார். அவர் இல்லாமல் கூத்து நடக்காது. 1978 இல் நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் இங்கே யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியபோது நாடகத்தைப் பழகவேண்டிய ஒரு கலையாக எடுத்துக்கொண்டார்கள். நடிப்பைப் பழகுவதுபோல அரங்கின் மற்ற வேலைகளையும் பழகவேண்டும் என்பது அந்த வழியில் வந்ததுதான். மின்சாரமே இல்லாமல் தொண்ணூறுகளில் இங்கே நாடகம் நடந்தது. அது மனிதர் கையிலிருந்த பழக்கத்தால் நடந்தது. மூத்தவர் நினைவூட்டிய அந்தப் பழக்கத்தைத்தான் நானும் கேட்கிறேன், இந்தக் காலத்துச் சாமானோடு.

ஆகவே மேசை எங்கே இருக்கும் என்பது, எதை வாங்குவது என்பதைவிடப் பெரிய கேள்வி. பெறுமதியான சாமான் பாடசாலைக்கு வந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கண்ணாடி அலுமாரிக்குள் போகும். திறப்பு ஒருவரிடம் இருக்கும். அவர் லீவில் நின்றால் ஒத்திகையும் நிற்கும். விழா நாளில் வெளியிலிருந்து ஓர் ஒப்பரேற்றர் வருவார். பிள்ளைகள் அவருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பழுதாகிவிடும் என்ற பயம் எனக்கு விளங்குகிறது. அதிபருக்குக் கணக்காய்வு இருக்கிறது, பொருட்பதிவேடு இருக்கிறது, அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பேடர் தேய்வது கை படுவதால். கை படத்தான் அதை வாங்குகிறோம். ஒளியமைப்பு எங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பரீட்சைத் தாளில் ஒளியின் பயன்கள் பற்றி நாலு பக்கம் எழுதும் பிள்ளை, ஒரு விளக்கைத் தன் கையால் போகஸ் பண்ணாமல் பாடசாலையை விட்டுப் போகக்கூடாது. பெண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். எங்களுடையது கலவன் பாடசாலை. ஏணியும் வயரும் ஆண்பிள்ளைகளுக்கு, உடுப்பும் ஒப்பனையும் பெண்பிள்ளைகளுக்கு என்ற பிரிப்பை ஒளிக்குழு எப்போதோ விட்டுவிட்டது. கியூ கொப்பியை எழுதும் பிள்ளை என்று மேலே சொன்னேனே, அவர் ஒரு மாணவிதான்.

மேசையைத் தெரிவுசெய்யும்போது, அதன் மென்பொருளைச் சாதாரணக் கணினியில் இலவசமாகப் போட்டுப் பழகக்கூடியதாக இருக்கிறதா என்று கேளுங்கள். பல உற்பத்தியாளர்கள் அப்படித் தருகிறார்கள். மண்டபம் பூட்டியிருக்கும் நாளிலும் பிள்ளை வீட்டிலிருந்து கியூ எழுதலாம். அதுவரைக்கும் கியூ.எல்.சி. பிளஸ் என்ற இலவச மென்பொருளை ஒரு மடிக்கணினியில் போட்டு, யூ.எஸ்.பி. இணைப்பான் ஒன்றை வாங்கிப் பழகத் தொடங்கலாம். அதற்கு ஒப்புதல் தந்தால் அடுத்த கிழமையே தொடங்கிவிடுவோம்.

மேசைக்குக் கட்டாயம் ஒரு யூ.பி.எஸ். வேண்டும். கணினிக்குப் பாவிக்கும் சின்னதே போதும், மேசை எடுக்கும் மின்சாரம் கொஞ்சம்தான். மின்சாரசபையிலிருந்து ஜெனரேற்றருக்கு மாறும் அந்தச் சில விநாடியில்தான் எல்லாம் கெடுகிறது. தொங்கும் ஒவ்வொரு விளக்குக்கும் கொளுக்கியோடு சேர்த்து இரும்புப் பாதுகாப்புக் கயிறும் வேண்டும். இப்போது பாதி விளக்குக்குத்தான் இருக்கிறது. கீழே நிற்பது பிள்ளைகள். மற்றெல்லாம் பிந்தினாலும் இது பிந்தக்கூடாது.

காசு விசயத்தில் எனக்கொரு வேண்டுகோள். சேர்ந்த தொகை முழுவதையும் சாமானில் போடாதீர்கள். ஒரு பங்கைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் நிலையான வைப்பில் இடுங்கள். அதன் வட்டி வருடாவருடம் பல்ப், கேபிள், துப்புரவு, பயிற்சி ஆகியவற்றுக்கு மட்டும் என்று எழுதிவையுங்கள். 2022 இல் ரூபா விழுந்தபோது ஒரு ஹலோஜன் பல்ப்பின் விலை கேட்டு ஆசிரியர் பேசாமல் வீட்டுக்குத் திரும்பியதை நான் கண்டேன். திறப்புவிழாவுக்குக் கிடைக்கும் காசு பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை. அன்பளித்தவர் பெயரைப் பலகையில் பொறியுங்கள், அது நியாயம். பராமரிப்பு வைப்புக்கும் அதே பலகையில் இடம் கொடுங்கள்.

செயற்குழுவிடம் நான் கேட்பது இதுதான். இந்தக் கொட்டேசனை ஏற்காமல், மேசை, கேபிள், வயரிங், யூ.பி.எஸ்., பாதுகாப்புக் கயிறு, மூன்று நாள் பயிற்சி ஆகியவற்றைத் தனித்தனி வரியாகக் காட்டும் புதிய கொட்டேசன் குறைந்தது மூன்று எடுங்கள். பயிற்சி பிள்ளைகளுக்கும் பொறுப்பாசிரியருக்கும், எங்கள் மண்டபத்தில், தமிழில் நடக்கவேண்டும். தெரிவுக்குழுவில் ஒளிக்குழுவிலிருந்து இரண்டு மாணவருக்கு இடம் கொடுங்கள். மேசையை இருட்டில் தொட்டுப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல அவர்களை விட்டால் வேறு ஆள் இல்லை. மேசையைத் திறக்கும் நேரமும் திறப்புப் பொறுப்பும் எழுத்தில் இருக்கட்டும். ஒத்திகை நாள்களில் பொறுப்பாசிரியரின் மேற்பார்வையில் பிள்ளைகள் தாங்களே திறந்து பாவிக்கவேண்டும். கழிக்கப்படும் பழைய மேசையைப் பொருட்பதிவேட்டிலிருந்து முறைப்படி நீக்கி, கழற்றிப் படிப்பதற்கு ஒளிக்குழுவிடமே கொடுத்துவிடுங்கள்.

தமிழ்மொழித் தினப் போட்டிக்கான ஒத்திகை வலய மட்டத்துக்கு முன்னமே தொடங்கிவிடும். இந்தத் தவணைக்குள் ஓடர் போனால்தான் கொழும்பில் வந்திறங்கி, இங்கே பொருத்தி, பிள்ளைகள் பழகக் காலம் இருக்கும். புதிய கொட்டேசனுக்கான விபரப் பட்டியலை எழுதி அதிபரிடம் கொடுத்திருக்கிறேன். கிளைகளிலிருந்து லீவில் ஊருக்கு வருபவர்கள் ஏதாவதொரு சனிக்கிழமை பின்னேரம் மண்டபத்துக்கு வாருங்கள். ஒளிக்குழுப் பிள்ளைகள் மேசையை உங்களுக்கு இயக்கிக் காட்டுவார்கள்.

அன்புடன்,
பழைய மாணவன், நாடகமும் அரங்கியலும் ஆசிரியர்
யாழ்ப்பாணம்